நம்ம ஊர் பீருக்குப் பேர் தோப்பி

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இந்தப் பதிவு யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, காய்ச்சிய கதையை மட்டும் சொல்கிறது.

பீர் என்றால் வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது, நம்ம ஊருக்குக் கள்ளும் சாராயமும்தான் என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் காலேஜ் ஹாஸ்டல் சீனியர்கள் என்பதால் அதை வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது நான் குப்பை கொட்டுவது மில்வாக்கியில். அமெரிக்காவில் மில்வாக்கி என்றாலே பீர். 1840களில் ஜெர்மனியிலிருந்து கும்பல் கும்பலாக வந்து இறங்கியவர்கள் தொழிலையும் நாக்கையும் கூடவே எடுத்து வந்தார்கள். 1844ல் பெஸ்ட் என்ற குடும்பம் ஆரம்பித்ததுதான் பின்னால் பாப்ஸ்ட் ஆனது. 1855ல் ஃபிரெடரிக் மில்லர் என்பவர் ஒரு பழைய ஆலையை வாங்கினார், அதுதான் மில்லர். இந்த ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுவது நம்ம ஊரில் வடாம் போடுவது மாதிரி. சாமான் எல்லாம் கடையில் கிடைக்கிறது. ஒரு தடவைக்கு 5 கேலன், அதாவது 19 லிட்டர். பாட்டிலில் அடைத்தால் ஐம்பது பாட்டில் தேறும். குளிர்காலத்தில் ஆறு மாசம் வெளியே தலை காட்ட முடியாத ஊரில் மனுஷன் வேறு என்ன செய்வான், சொல்லுங்கள்.

வேலை ரொம்ப சிம்பிள். பார்லியை ஊறவைத்து முளை கட்டுகிறார்கள். முளை வரும்போது தானியத்துக்குள் சில என்சைம்கள் தயாராகின்றன. அந்த நேரத்தில் காயவைத்து நிறுத்திவிட்டால் அதுதான் மால்ட். மால்ட்டை உடைத்து 65 டிகிரி சூட்டு வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்த என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். வடிகட்டி, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட வேண்டியது. மிச்சத்தை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும்.

அம்மாவிடம் போனில் இதை விளக்கினேன். எங்கள் ஊர் கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு. (நாடு என்றதும் பயப்பட வேண்டாம். மலையில் சில பல சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. இப்போது அது ஒரு ஊராட்சி.) கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏங்கண்ணு, இஞ்சினீருக்குப் படிச்சுட்டு அங்க போயி சாராயமா காய்ச்சற? போலீசு புடிக்காதா?" என்றார். சாராயம் இல்லம்மா, பீரு என்றேன். "ரெண்டும் காய்ச்சறதுதான?"

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பானையில் புளிக்கவைப்பது ஒன்று. புளித்ததைக் கொதிக்கவைத்து ஆவியைப் பிடிப்பது வேறு ஒன்று. முதலாவது பீர், சுண்டக்கஞ்சி வகையறா. இரண்டாவது சாராயம். இரண்டுக்கும் இன்றைக்குத் தமிழில் ஒரே வினைச்சொல், காய்ச்சுதல். முன்பு நிலைமை இப்படி இல்லை என்பதுதான் இந்தப் பதிவின் மேட்டர்.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்று இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடியது. பரிசு வாங்கிவந்த பாணன் ஒருவன் இன்னொரு பாணனுக்கு, 'இப்படிப் போ, வழியில் இன்னார் வீட்டில் இன்ன சாப்பாடு கிடைக்கும்' என்று சொல்லிக்கொண்டே போவான். இலக்கியம் என்பதை விடுங்கள், தமிழின் முதல் ஃபுட் பிளாக் என்றே சொல்லலாம். அதில் ஓரிடத்தில் எயினர்கள் மாற்றார் மாடுகளை ஓட்டிவந்து மது விற்றவரின் பாக்கியைத் தீர்த்துவிட்டு, தோப்பி குடிக்கிறார்கள். தோப்பி என்பது நெல்லில் செய்த கள். புலவர் அதற்குக் கொடுக்கும் அடைமொழியின் பொருள் 'வீட்டில் சமைத்த கள்'. மரத்தில் இறக்கியது இல்லை, வீட்டில் சமைத்தது. ஹோம்ப்ரூ என்பதற்கு இதைவிட நேரான தமிழ் யார் சொல்ல முடியும்?

இன்னும் கொஞ்ச தூரம் போனால் வலைஞர் வீடு. அங்கே செய்முறையே இருக்கிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாய் அகன்ற தட்டில் கொட்டி ஆறவிடுகிறார்கள். அதில் ஓர் அடையை இடித்துக் கலக்கிறார்கள். உறுதியான வாயுள்ள சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைக்கிறார்கள். கடைசியில் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு பாணனுக்குக் கொடுக்கிறார்கள்.

முதல் தடவை படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வரிசையைப் பாருங்கள். அரிசி, கேழ்வரகு போன்றவற்றின் மாவுச்சத்து நன்றாக வெந்து குழைந்தால்தான் என்சைம் அதில் வேலை செய்யும். ஆனால் அந்தச் சூட்டில் என்சைம் செத்துவிடும். அதனால் முதலில் தானியத்தைத் தனியாக வேகவைக்க வேண்டும், அப்புறம் ஆறவைக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் முளைமாவைச் சேர்க்க வேண்டும். இன்றைக்கும் அரிசியோ சோளமோ சேர்த்துப் பீர் செய்கிற பெரிய ஆலைகள் தானியத்தைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்துவிட்டுத்தான் மால்ட்டோடு சேர்க்கின்றன. உருத்திரங்கண்ணனார் அடுப்படியில் நின்று பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியாது.

அந்த அடை என்ன? முளைநெல் என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். அப்படியானால் அது மால்ட்டேதான். ஆனால் புலவர் அதை எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? பாம்பு வாழும் புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோற்றுக்கு. புற்றாஞ்சோறு என்பது கறையான்கள் பூஞ்சை வளர்க்கும் தோட்டம். ஜார்க்கண்ட், ஒடிசாப் பக்கம் ஹண்டியா என்ற அரிசி பீருக்கு ரானு என்று ஓர் உருண்டை போடுவார்கள். நேபாளத்தில் அதே வேலையைச் செய்வது மர்ச்சா. இரண்டுமே பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளர்ந்து காய்ந்த மாவு. இரண்டே நாளில் சாடி விளைய வேண்டும் என்றால் ஈஸ்ட் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். என் ஊகம், அந்த அடையில் முளையோடு சேர்ந்து இதுவும் இருந்திருக்கிறது. தமிழ் படித்த பெரியவர்கள் உதைக்க வந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

சும்மா ஊகம் பண்ணிக்கொண்டிருப்பானேன் என்று இந்தியக் கடையில் கேழ்வரகு வாங்கி வந்தேன். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைப்பது எங்கள் மலையில் எல்லா வீட்டிலும் நடப்பது. குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவார்கள். ராகி மால்ட் என்று பாக்கெட்டில் விற்பதில் இருக்கும் மால்ட் என்ற சொல் சும்மா வந்ததில்லை, அது அசல் மால்ட்டேதான். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள். சிறுதானியங்களில் முளைகட்ட ராகி மாதிரி வராது. நேபாளத்திலும் சிக்கிமிலும் தோங்பா என்பதே புளித்த கேழ்வரகுதான், வெந்நீர் ஊற்றிக் குழாய் போட்டு உறிஞ்சுவார்கள். உகாண்டாவிலும் உண்டு. நடுவில் நாம் மட்டும் அதைக் கூழோடு நிறுத்திவிட்டோம்.

பாதி கேழ்வரகைக் களியாக்கி, ஆறவைத்து, மீதியை முளைமாவாக்கிக் கலந்தேன். வடிகட்டும்போதுதான் பாட்டில் விரல் ஏன் வருகிறது என்று புரிந்தது. பார்லிக்கு உமி உண்டு. அந்த உமியே அடியில் படிந்து சல்லடையாகிவிடும். கேழ்வரகில் அந்த வசதி கிடையாது, வெறும் சேறு. துணியில் கட்டிக் கையால் பிழிவதைத் தவிர வழியே இல்லை. மூன்றாம் நாள் கிடைத்தது செம்மண் கலரில், லேசான புளிப்போடு, அடியில் மண்டி தங்கிய ஒரு சமாச்சாரம். ஆபீஸ் நண்பர்கள் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். அவர்கள் நாகரிகத்துக்காகக் கேட்டிருக்கலாம்.

கொல்லிமலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாம் காலி என்று வருமே, அதேதான். அந்த அம்பு விஷயத்தை மட்டும் பாடப் புத்தகத்தில் போட்டுவிட்டு அடுத்ததை விட்டுவிட்டார்கள். வேட்டை முடிந்ததும் ஓரி பாணர்களுக்கு மான் கறியும், உருக்கிய பசுநெய் போல இருந்த மதுவும் கொடுக்கிறான். பொன்னும் மணியும் அதற்கு அப்புறம்தான். எதில் செய்த மது என்று பாட்டில் இல்லை. மலைக்குறவர்கள் மூங்கில் குழாயில் தேனை விளையவைத்துக் குடித்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது, அதுவாகவும் இருக்கலாம்.

இப்படி வீட்டுப் பானையில் இருந்த சங்கதி எப்படி வெளியே போனது? ஒழுக்கத்தால் இல்லை, முதலில் வருமானத்தால். 1886ல் சென்னை மாகாணத்துக்கு அப்காரிச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் எவனும் மது செய்யக் கூடாது. ஏலம் எடுத்தவன் கடையில்தான் வாங்க வேண்டும். வீட்டில் செய்தால் சர்க்காருக்கு நஷ்டம், ஆகவே குற்றம்.

அடுத்து வந்தது மதுவிலக்கு. அதற்கும் எங்கள் பக்கம்தான் பிள்ளையார் சுழி. ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ஆசிரமம் நடத்தியவர். அங்கிருந்து 1929ல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை கொண்டுவந்தார், கல்கி அதில் துணையாக இருந்தார். 1937ல் ராஜாஜி பிரதமர் ஆனதும் (அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்பார்கள்) அக்டோபர் 1ஆம் தேதி முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. அன்றைக்குக் கொல்லிமலை சேலம் மாவட்டம்தான், நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல். ஆக மாகாணத்திலேயே முதலில் பானையைக் கவிழ்த்த மலைகளில் எங்கள் மலையும் ஒன்று. போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி போட்டார்கள். அந்த வரி நிலைத்துவிட்டது. மதுவிலக்கு வந்தது, போனது, வந்தது, போனது. 1983ல் டாஸ்மாக் வந்து, 2003ல் சில்லறைக் கடையையும் அதுவே எடுத்துக்கொண்டது. 1937ஆம் வருடத்துச் சட்டம் மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. கடைக்கு முன்னால் வரிசையில் நிற்கலாம், வீட்டில் ஒரு சாடி வைத்தால் வழக்கு.

புலம்பெயர்ந்த கதையிலும் இந்த வித்தியாசம் உண்டு. இலங்கை நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் (பிற்பாடு நைல் நதியைத் தேடிப் போனாரே, அவர்தான்) தோட்டத் துரைமார்களுக்காகப் பீர் காய்ச்ச ஆரம்பித்ததுதான் லயன் பீரின் ஆதி என்று சொல்வார்கள். துரை ஊர் விட்டு ஊர் வந்து காய்ச்சினால் அது கம்பெனி. கடல் கடந்த தமிழனுக்குக் கிடைத்ததோ தோட்டத்துக் கள்ளுக்கடை. மலாயாவில் வாங்கிய கூலி அங்கேயே திரும்பிப் போனது. 1941ல் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. துப்பாக்கிச் சூடு வரை போன போராட்டம் அது.

அமெரிக்காக்காரன் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. 1933ல் மதுவிலக்கு போனபோது வீட்டு ஒயினுக்கு அனுமதி கொடுத்தார்கள், வீட்டு பீருக்குக் கொடுக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. வயது வந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு வருடம் 100 கேலன், இருவர் இருந்தால் 200. மாநிலங்கள் தனித்தனியாக ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அலபாமாவும் மிசிசிப்பியும் 2013ல்தான் இறங்கி வந்தன. பிரிட்டனில் 1963லேயே லைசென்ஸை எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் இங்கேயும் திறந்துவிடலாமா என்று கேட்டால் நான் உடனே தலையாட்ட மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அது புளித்த கஞ்சியால் வந்த சாவு இல்லை, மெத்தனால் கலந்த சாராயத்தால் வந்தது. அதற்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுபோனார்கள். விற்பதற்காக விஷம் கலந்தவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் நான் மேலே சொன்ன ஒரே வினைச்சொல்லின் குழப்பம் சட்டத்திலும் இருக்கிறது. காசுக்கு மெத்தனால் கலப்பவனும் கேழ்வரகைப் புளிக்கவைக்கும் பாட்டியும் அதற்கு ஒரே கூட்டம். சென்னைக் குப்பங்களில் சுண்டக்கஞ்சி ஒளிந்துகொண்டு இருப்பதும் இதனால்தான். வலைஞர் வீட்டுச் சாடிக்கு இன்றைக்கு எஞ்சியிருக்கும் ஒரே வாரிசு என்று நான் நினைப்பது அதைத்தான்.

மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பழங்குடியினர் தங்கள் வீட்டுத் தேவைக்கு அளவோடு செய்துகொள்ளச் சட்டமே விலக்கு தருகிறது. கொல்லிமலை மலையாளிகளும் (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்பது எங்கள் கதை, பேசுவது தமிழ்) பட்டியல் பழங்குடியினர்தான். எங்களுக்கு அந்த விலக்கு கிடையாது. இதற்குள் மலையில் சாமையும் கேழ்வரகும் இருந்த காடுகளில் பெரும்பகுதிக்கு மரவள்ளி வந்துவிட்டது. கிழங்கு லாரி ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது.

பி.கு.: செய்து பார்க்க நினைக்கும் வெளிநாட்டு வாழ் மக்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட்டில் வரும் ராகி மால்ட் பொடி இதற்கு ஆகாது. வறுத்த சூட்டில் என்சைம் போயிருக்கும், சிலதில் சர்க்கரையும் ஏலக்காயும் வேறு கலந்திருப்பார்கள். முழு கேழ்வரகு வாங்கி ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் இரண்டு மூன்று நாள் கட்டி வையுங்கள். உங்கள் ஊர்ச் சட்டத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் :)