கயிறு மாறிய குதிரை

இளங்குதிரை ஒன்று வண்டியில் ஏற மறுப்பதைப் பிடிவாதம் என்கிறோம். குளம்பின்கீழ் வெற்றொலி எழுப்பும் பலகை, இருண்ட குறுகிய அறை, அசையும் தரை ஆகியவற்றைக் கண்ட அச்சமே அது. பயணத்துக்குப் பல நாள் முன்பே தரையில் இட்ட பலகைமேல் நடத்தி, முன்னங்கால் வைத்தவுடன் பின்வாங்க விட்டு, உள்ளே தீனி வைத்து, அது அமைதியாக நின்ற பிறகே கதவடைப்பது நல்ல பயிற்சி. இதற்கு நாள் பிடிக்கும்; நாளுக்குச் செலவு உண்டு. அச்செலவை யார் ஏற்பது?

இக்கேள்வியோடு பாண்டியர் காலக் குதிரை வணிகத்தைப் படித்தால், பழைய சான்றுகள் புதிதாகப் பேசுகின்றன. பாரசீக வரலாற்றாசிரியர் வசாபின் கூற்றுப்படி, கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றுக்கு விலை 220 பொன் தினார். கடலில் குதிரை இறந்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே தரவேண்டும்.

இறந்த குதிரைக்கும் முழு விலை கிடைக்கும்போது, உயிருள்ள குதிரையை மரக்கலத்துக்குப் பழக்கும் பொறுமை எவருக்கு வரும்? ஒப்பந்தம் இதைச் சொல்லவில்லை. அதன் கட்டமைப்பிலிருந்து நான் பெறும் ஊகம் இது.

கரையிறங்கிய பின்னும் நிலை மேம்படவில்லை என்கிறார் வசாப். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பயிற்சியின்றியே வீரர்கள் ஏறிவிடுவார்களாம். மார்க்கோ போலோவோ, ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், குதிரை மருத்துவர் இங்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும் எழுதுகிறார்.

இவர்கள் வெளியார், மிகைப்படுத்தியிருக்கலாம். குதிரை பழக்குவோரை வாதுவர் என்றும், குதிரை செலுத்தும் வெளியைச் செண்டுவெளி என்றும், குதிரையை நடத்திப் பழக்குவதை வையாளி என்றும் குறித்த மொழி தமிழ். சொல் இருந்த இடத்தில் தொழிலும் இருந்திருக்கும். ஆகவே குறை அறிவில் இருந்ததாகத் தோன்றவில்லை. பொறுப்பைப் பங்கிட்ட முறையில் இருந்தது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதற்கு மறுபக்கச் சான்று. நரி பரியான கதையில் குதிரைகள் கயிறு மாற்றிக் கையளிக்கப்படுகின்றன. கயிறு மாறிய பின் நேர்வதற்கு விற்றவர் பொறுப்பல்லர். பிற்கால நூலாயினும், சந்தை வழக்கொன்றின் நினைவு அதில் உறைந்துள்ளது. ஒப்பந்தமும் வழக்கமும் சேர்ந்தால், கயிறு மாறுவதற்கு முன்னும் பின்னும் இழப்பு வாங்குபவருக்கே, வலி குதிரைக்கு.

சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகின்றனர். காரக்கோணத்தில் அமர்ந்து இதை எழுதும் எனக்கு அவர்கள் அயலார் அல்லர். அவர்கள் பெயர் கல்லில் நின்றது. குதிரையின் கழுத்தைத் தடவி மரக்கலத்தில் ஏற்றிய கைகளின் பெயரோ எங்கும் பதியவில்லை. குதிரை வணிக வரலாற்றை எழுதுவோர் விலைப்பட்டியலோடு நின்றுவிடாமல், ஏற்றும் பலகையின் அருகே நின்றவரையும் தேட வேண்டும்.