உருக்கின் வரியும் கத்தியின் கூரும்

சரித்திரம் எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முடிமன்னர் ஏந்திய வாளைப் புகழ்ந்தனரேயன்றி, அவ்வாளை அடித்த கொல்லனின் கையை நினைத்தாரல்லர். போர்க்களத்து வாளை அடித்த அதே கைதான் உழவனுக்குக் கொழுவையும், பனையேறுவோனுக்குப் பாளைக் கத்தியையும், அடுக்களைக்கு அரிவாளையும் அடித்துக் கொடுத்தது. நவராத்திரியின் நிறைவில் ஏட்டோடும் எழுத்தாணியோடும் தொழிற் கருவிகளையும் வைத்து வணங்கும் மரபினராகிய நாம், அக்கருவியின் இரும்பு எவ்வாறு பிறந்ததென அறிந்திருத்தல் பொருத்தமேயாம்.

இந்நாளிற் "தமஸ்கு உருக்கு" என்னும் பெயரோடு, நீரலை போலவும் மரவரி போலவும் கோலங்கொண்ட கத்திகள் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. பிறநாட்டிலிருந்து வரும் உறவினர் பரிசாகக் கொண்டு வருவதும் உண்டு. அவ்வரி எங்கிருந்து வந்தது? பழைய வாளில் இருந்த வரியும் இன்றைய கத்தியில் உள்ள வரியும் ஒன்றா? வாங்க விரும்புவோர் எதனைப் பார்த்து வாங்குதல் வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் இக்கட்டுரை சுருக்கமாக விடை கூறும்.

மூசையிற் பிறந்த உருக்கு

தமஸ்கு என்பது சிரியா நாட்டின் பழம்பெரு நகரம். வரியோடிய வாள்களுக்கு ஐரோப்பியர் அந்நகரின் பெயரை இட்டு வழங்கினர். பெயர்க் காரணம் பலவாறு கூறப்படும். எனினும் அவ்வாள்களுட் சிறந்தவற்றுக்கு வேண்டிய உருக்குக் கட்டிகள் தென்னாசியாவிலிருந்து சென்றன என்பதில் ஐயமில்லை. அவ்வுருக்கை ஆங்கிலேயர் "வூட்சு" என்றனர். கன்னடத்தில் "உக்கு" எனவும் தமிழில் "உருக்கு" எனவும் வழங்குஞ் சொற்களோடு இதனை அறிஞர் தொடர்புபடுத்துவர். உருகுவது உருக்கு, பெயரிலேயே செய்முறை அடங்கியிருக்கின்றது.

அச்செய்முறை பின்வருமாறு: முதலிற் கரியுலையில் இரும்பை எடுத்து அடித்துச் சிறு துண்டுகளாக்குவர். களிமண்ணோடு உமி கலந்து செய்த சிறு மூசைகளில் அத்துண்டுகளை இட்டு, உலர்ந்த ஆவாரைக் குச்சிகளைச் சேர்த்து, எருக்கிலை முதலிய பச்சிலையால் மூடி, வாயை மண்ணால் இறுக அடைப்பர். இவ்வாறான மூசைகள் பலவற்றை உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதுவர். விறகிலும் இலையிலுமுள்ள காபன் இரும்பிற் சென்று சேர, இரும்பு உருகும். உலை ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே ஓர் உருக்குக் கட்டி கிடைக்கும். அதிற் காபன் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருக்கும். நம் ஊர்களிற் பரவலாகக் காணும் ஆவாரையும் எருக்கும் உலகப் புகழ் பெற்ற வாளுக்குள் மறைந்திருந்தன என்பது வியத்தற்குரியது.

தமிழ்நாட்டில் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகள் பழைய இரும்புத் தொழிலின் சான்றுகளை வெளிப்படுத்தின. தென்னார்க்காட்டுப் பகுதியிலுள்ள மேல்சிறுவளூரில் மூசையுருக்குத் தொழில் நடந்த இடத்தைச் சாரதா சிறீநிவாசன் என்னும் ஆய்வாளர் 1990களிற் கண்டு எழுதினார். இன்றைய தெலுங்கானாவிலுள்ள கோனசமுத்திரம் என்னும் ஊருக்குப் பாரசீக வணிகர் நேரே வந்து உருக்கு வாங்கிச் சென்றதை, 1832இல் வெளியான வொய்சி என்னும் ஆங்கிலேயரின் குறிப்புத் தெரிவிக்கின்றது.

ஈழத்து மலைக்காற்று

இவ்வரலாற்றில் நமது தீவுக்கும் பங்குண்டு. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-கிண்டி என்னும் அராபிய அறிஞர் வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் "சரந்தீபி" வாள்களும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. சரந்தீபம் என்பது அராபியர் இலங்கைக்கு இட்ட பெயர்.

பலாங்கொடைக்குத் தெற்கேயுள்ள சமனலவாவியில் நீர்த்தேக்கம் அமைத்த காலத்தில், ஜில் ஜூலெவ் என்னும் ஆங்கிலப் பெண்மணி அம்மலைச் சரிவுகளை ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய சரிவுகளிற் பழைய இரும்புலைகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. அவை கி. பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. அவ்வுலைகளைத் துருத்தி ஊதவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றே ஊதியது! அவ்வாறே ஓர் உலை கட்டி, காற்று வீசும் பருவத்தில் எரித்துப் பார்த்தபோது காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996இல் இம்முடிவு "நேச்சர்" என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. காற்றுலை உருக்கும் மூசையுருக்கும் வெவ்வேறு முறையின என்பதை மறத்தலாகாது. அவ்வுலைகளைக் கட்டினோர் எம்மொழியினர் என்று வழக்காடுதலும் வேண்டா. இத்தீவின் மலையையும் காற்றையும் அறிந்த தொழிலாளர் அவர். அவர் புகழ் இத்தீவினர் அனைவர்க்கும் உரியது.

மேனாட்டார் தேடிய இரகசியம்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வூட்சுக் கட்டிகள் பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1795இல் ஜோர்ஜ் பியர்சன் என்பவர் அதுபற்றி இலண்டன் இராயற் கழகத்தின் வெளியீட்டிற் கட்டுரை எழுதினார். பின்னர் மைக்கேல் பரடே 1819இல் அவ்வுருக்கைப் பகுத்தாராய்ந்தார். மின்னியலில் அழியாப் புகழ் பெற்ற அப்பேரறிஞர் ஒரு கொல்லனின் மைந்தர் என்பது குறிப்பிடத்தக்கது. உருக்கின் சிறப்புக்கு அலுமினியம் முதலியவையே காரணம் என அவர் கருதினார்; அது சரியன்று எனப் பிற்காலத்தார் கண்டனர். ஆயினும் கத்தி செய்வதில் வல்ல ஸ்ரோடாட் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த சோதனைகள் கலப்புருக்கு ஆராய்ச்சிக்கு வழி திறந்தன. ருசியாவில் அனோசொவ் என்பவர் பல்லாண்டு உழைத்து, 1841இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

ஐரோப்பியக் கொல்லர் பலர் இவ்வுருக்கை வெண்சூடாகக் காய்ச்சி அடித்தபோது அது நொறுங்கிப் போயிற்று. குறைந்த செஞ்சூட்டில், பொறுமையாகப் பலமுறை அடித்தாலன்றி அது இணங்காது. அவ்வாறு அடிக்கும்போது இரும்புக் காபைட்டுத் துகள்கள் வரிசையாகத் திரண்டு, வெண்மையும் கருமையுமான நீரலை வரியாகத் தோன்றும். அமெரிக்காவில் வெர்கோவன் என்னும் பேராசிரியரும் பென்ட்ரே என்னும் கொல்லரும் ஒன்றுசேர்ந்து இதனை ஆராய்ந்து, 1998இல் ஒரு விளக்கம் தந்தனர். தாதுவில் இயல்பாகவே கலந்திருந்த வனேடியம் முதலியவற்றின் மிகச் சிறிய அளவே வரியைத் தோற்றுவித்தது என்பது அவர் முடிபு. பேராசிரியரின் நுண்காட்டியும் கொல்லரின் சம்மட்டியும் கூடியபோதே அந்த விடை கிடைத்தது.

மலிந்த விலையில் வந்த ஐரோப்பிய இரும்பு, கரிக்கு வேண்டிய காட்டின் குறைவு, ஆதரிப்போரின்மை ஆகிய பல காரணங்களால் 19ஆம் நூற்றாண்டில் இத்தொழில் நலிந்தது. தந்தையின் கையிலிருந்து மைந்தனின் கைக்குச் சென்ற அறிவு ஏட்டில் ஏறவில்லை. கை ஓய்ந்தபோது அறிவும் ஓய்ந்தது.

மற்றொரு வரியுருக்கு

இன்று கடையில் விற்கப்படும் வரிக்கத்தி பெரும்பாலும் மூசையுருக்கன்று. இருவகை உருக்குத் தகடுகளை மாறிமாறி அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடித்து மீண்டும் அடித்துச் செய்வது அது. இரு தகட்டை ஒட்டியதை ஐந்துமுறை இரண்டாக மடித்தால் 64 அடுக்காகும். அமிலத்தில் தோய்க்கும்போது ஒருவகை கறுத்தும், நிக்கல் கலந்த மற்றொன்று வெண்மையாகவும் நிற்க, வரி புலப்படும். இம்முறையும் பழையதே. இங்கிலாந்தில் சற்றன் கூ என்னுமிடத்தில் 1939இல் அகழ்ந்தெடுத்த 7ஆம் நூற்றாண்டு வாள் இவ்வகையினது. அமெரிக்கரான வில்லியம் மொறன் 1973இல் இவ்வகைக் கத்திகளைக் காட்சிக்கு வைத்தபின் இக்கலை அந்நாட்டிற் புத்துயிர் பெற்றது.

ஆகவே, பெயர் ஒன்றாயினும் பொருள் இரண்டு. மூசையுருக்கில் வரி உருக்கின் உள்ளிருந்து தோன்றுவது. அடுக்குருக்கில் வரி கொல்லன் அடுக்கியது. இரண்டும் மெய்யான தொழிலே. மூன்றாவது ஒன்றுமுண்டு: சாதாரண அலகின் மேல் அமிலத்தாலோ ஒளிக்கற்றையாலோ வரி பொறித்துத் தமஸ்கு என விற்பது. அதுவே பொய்.

வாங்குவோர்க்குச் சில குறிப்புகள்

முதலாவது, வரி வெட்டாது, கூரே வெட்டும். யப்பானிய முறையில் செய்யும் அடுக்களைக் கத்திகள் பலவற்றில், நடுவே வன்மையான ஓர் உருக்கும் அதன் இருபுறமும் வரித்தகடுகளும் இருக்கும். அத்தகைய கத்தியில் வரி கூர்வாய்க்குச் சற்று மேலே நின்றுவிடும். கீழே நடுவுருக்கு வெறுமையாகத் தெரியும். அந்நடுவுருக்கு யாது என்பதையே கடைக்காரரிடம் முதலிற் கேட்க வேண்டும். அடுக்கு எத்தனை என்பது இரண்டாம் பட்சம்.

இரண்டாவது, அலகின் முதுகைப் பார்க்க வேண்டும். மெய்யான அடுக்காயின் அதன் கோடுகள் முதுகிலும் ஓடும். இருபுறத்திலும் அச்சடித்தாற்போல ஒரே வரி திரும்பத் திரும்ப வருமாயின் ஐயுறுதல் நன்று.

மூன்றாவது, வேலைக்கேற்ற கத்தியைத் தெரிதல் வேண்டும். வன்மை மிக்க மெல்லிய அலகு மரக்கறி அரியவும் முள்ளற்ற மீனைச் சீவவும் ஏற்றது. எலும்பு வெட்டவும், தேங்காய் உடைக்கவும், நண்டு தறிக்கவும் அதனை எடுத்தால் வாய் சிதறும். அவ்வேலைக்கு நம்மூர்க் கொல்லன் அடித்த தடித்த கத்தியே தக்கது. வீட்டுக்கு ஏழு எட்டு அங்குல அலகுடைய ஒரு கத்தி போதும். கையில் எடுத்துப் பார்க்கும்போது பிடி வழுக்காமலும் ஆடாமலும் இருத்தல் வேண்டும்.

நான்காவது, பேணுதல். கண்ணாடியிலும் கல்லிலும் வைத்து வெட்டாது மரப்பலகையில் வெட்டுக. புளியும் தேசிக்காயும் பட்டால் உடனே கழுவித் துடைக்குக. கறையில் உருக்கல்லாத அலகுக்குச் சிறிது எண்ணெய் பூசுக. நீர் விட்டுக் கல்லில் மெதுவாகத் தீட்டுதலே நலம். வேகமாகச் சுழலும் சாணையில் வைத்தால் வாய் சூடேறி நீலம் பாரித்து, கொல்லன் வைத்த பதம் கெடும்.

இளைஞர் கடமை

"எம் முன்னோர் அன்றே கண்டனர்" என்று மேடையிற் கூறுதல் எளிது. அம்முன்னோரின் உலை அணைந்தபோது அருகிருந்து அதன் முறையை முழுமையாக எழுதி வைத்தார் எத்தனை பேர்? கைத்தொழிலைத் தாழ்ந்ததென ஒதுக்கி, அத்தொழிலாளரைச் சபையிற் பின்னே நிறுத்திய குறையும் நம் சமூகத்துக்கு உண்டு. விசுவகருமாவைத் தெய்வமாக வணங்கிக்கொண்டு பட்டடையிலிருப்பவனை மதியாதிருத்தல் பக்தியாகாது.

ஆகலின், நம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலே எஞ்சியிருக்கும் கொல்லரிடம் செல்வாராக. எந்நிறத்தில் இரும்பை எடுக்கின்றார், எதில் தோய்க்கின்றார், கூரை எவ்வாறு சோதிக்கின்றார் என்பவற்றைக் கேட்டு, அவர் வழங்குஞ் சொற்களாலேயே எழுதி வைப்பாராக. அவ்வேடு வருங்காலத்தார்க்கு உலையிலிட்ட நெருப்பாய் நின்று பயன் தரும்.

வாழ்க தொழில்! வளர்க அறிவு!