பட்டிமாடும் பட்டியும்: நெய்யாற்றின்கரை எல்லையில் உடையவர் இல்லாத நாயின் வரலாறு

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் செல்ல ஓர் ஆட்டோ போதும். அந்தச் சிறு தொலைவுக்குள் ‘பட்டி’ என்னும் சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. தமிழில் பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடம். கட்டுக்கு அடங்காமல் பிறர் வயலில் மேயும் மாடு பட்டிமாடு. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். நாளிதழ் மலையாளம் ‘தெருவு நாய’ என்று எழுதும். வீட்டுப்பேச்சிலும் வசையிலும் பட்டிதான். சொற்கள் மாநில எல்லைக்கோட்டில் நின்றுவிடுவதில்லை ஆதலால், அந்த வசை குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதித் தமிழிலும் காதில் விழும். இவ்விரு சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என அவசரமாக முடிச்சுப் போடத் தேவையில்லை. ஆனால் அவை அருகருகே நிற்கும் நிலை ஒரு வரலாற்றுக் கேள்வியை எழுப்புகிறது. உடையவரிடமிருந்து விலகி அலையும் மாட்டுக்குச் சட்டம் ஒரு பட்டியைக் கட்டியது. அவ்வாறே அலையும் நாய்க்கு ஏன் கட்டவில்லை?

விலங்குக் காப்பகங்களில் இன்று காணப்படும் ஒரு வகை நாயைக் கொண்டு இக்கேள்வியை அணுகலாம். அது சிறிய உடல் கொண்டது. பத்து வயதைக் கடந்தது. ஒரு காலத்தில் பெயரோடும் தட்டோடும் ஒரு வீட்டில் வளர்ந்தது. இப்போது கூண்டின் ஓரத்தில் புதிய வீட்டுக்காகக் காத்திருப்பது. தெருநாய் பற்றிய விவாதங்கள் எவ்வளவு உரத்து நடந்தாலும் இந்த நாய் அவற்றில் இடம்பெறுவதில்லை. சட்டத்தின் வகைப்பாட்டில் அதற்குத் தனியிடம் இல்லை என்பதே காரணம்.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் ‘கால்நடை’ என்ற சொல்லுக்கு ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு, ஆட்டுக்குட்டி வரை அதில் உண்டு. நாய் இல்லை. பட்டியில் அடைக்கப்பட்ட விலங்குக்குத் தீனியும் தண்ணீரும் தர வேண்டும், ஏழு நாட்களுக்குள் உடையவர் வந்து தண்டமும் தீனிச் செலவும் கட்டி மீட்கலாம், வராவிட்டால் ஏலம். இந்த ஏற்பாடு முழுவதும் விலையின் மேல் நிற்கிறது. ஏலத்தில் யாரேனும் வாங்குவார் என்பதால்தான் அந்த ஏழு நாள் தீனிக்குப் பொருள் உண்டு. நாட்டு நாயை ஏலத்தில் எடுப்பார் இல்லை. எனவே பட்டியலிலும் அது இல்லை. சுதேச சமஸ்தானமான திருவிதாங்கூரை இச்சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை என்பது உண்மைதான். எனினும் விலையுள்ள விலங்கு, விலையற்ற விலங்கு என்னும் பிரிவினை எந்த ஒரு சட்டப்புத்தகத்துக்கும் மட்டும் உரியதன்று.

பழைய தமிழுலகம் நாயை மறந்துவிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தொறு மீட்ட பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயும் அக்கல்லில் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. இலக்கண உரைகள் கொடுந்தமிழ் நாட்டு வழக்குகளை எடுத்துக்காட்டும்போது, மேலைக்கரையைச் சார்ந்த பூழிநாட்டார் நாயை ‘ஞமலி’ என்பர் எனக் குறிப்பிடுகின்றன. வட்டாரம்தோறும் தனிப்பெயர் பெறுமளவுக்கு நாய் மக்களோடு நெருங்கி வாழ்ந்தது. ஆனால் கல்லில் பெயர் பெற்றது காவல் காத்த நாய். காவலுக்கும் வேட்டைக்கும் உதவாத வயதை எட்டிய நாய்க்கு யார் சோறு வைத்தார் என்பதைக் கல்வெட்டு பேசாது. பேச வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

உடையவர் இல்லாத நாயை என்ன செய்வது என்பது ஒரு நிர்வாகச் சிக்கலாக உருவானது காலனியக் காலத்து நகரங்களில்தான். பம்பாயில் நாய்களைக் கொல்ல அரசு கொடுத்த ஊக்கத்தொகைக்கு எதிராக 1832 ஜூன் மாதம் பார்சிகள் கிளர்ந்தெழுந்தனர், கடைகள் அடைக்கப்பட்டன, படை வரவழைக்கப்பட்டது. அதன் பின்விளைவாக ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அமிசந்த் ஷாவும் முன்னின்று 1834இல் பம்பாய் பிஞ்சராபோலை நிறுவினர். லண்டனில் மேரி டீல்பி, தொலைந்த நாய்களுக்கான இல்லத்தைத் தொடங்கியது 1860இல். இன்று பேட்டர்சி எனப் பெயர் பெற்றிருப்பது அதுவே. அக்காலத்து லண்டன் நாளிதழ்கள் அம்முயற்சியை எள்ளி நகையாடின. பம்பாய் இல்லம் அதற்கு கால் நூற்றாண்டு முந்தையது. நாய்க் காப்பகம் மேற்கிலிருந்து வந்த நாகரிகம் என்று எளிதாகச் சொல்லிவிடும் வழக்கத்துக்கு இந்தக் கால வரிசையே போதிய மறுப்பு. ஆனால் பிஞ்சராபோலின் நோக்கம் உயிரைக் கொல்லாமை. அங்கே சென்ற விலங்கு சாகும்வரை அங்கேயே இருக்கும். அங்கிருந்து ஒரு வீட்டுக்கு அனுப்புவது அதன் முதன்மை வேலையாக இருந்ததில்லை.

சென்னை போன்ற நகரங்களின் வழி வேறு. நாய்வண்டி பிடித்துச் சென்ற நாய்கள் கொல்லப்பட்டன. மின்சாரம் பாய்ச்சிக் கொல்வதும் வழக்கில் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த அச்சத்தைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் தொடங்கியது 1907இல்தான். வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளின் நினைவு மூத்த தலைமுறையினரிடம் இன்னும் ஆறவில்லை.

மாநிலங்களவை உறுப்பினராக ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் வழியில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. இச்சட்டத்தின் 11ஆம் பிரிவைக் கூர்ந்து படிக்க வேண்டும். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம் என்று அப்பிரிவு சொல்கிறது. முதற்குற்றத்துக்கு அது வகுத்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அதே பிரிவின் விலக்குகளில், தெருநாய்களைக் கொலைக்கூடங்களில் அழிப்பது கொடுமை ஆகாது என்றும் உள்ளது. வீட்டு நாயைத் தெருவில் விட்டவருக்கு 50 ரூபாய்; தெருவில் விடப்பட்ட அந்நாய்க்குக் கொலைக்கூடம். ஒரே பிரிவின் இரு உட்கூறுகள் ஒன்றையொன்று பாராமல் அடுத்தடுத்து நிற்கின்றன.

கேப்டன் சுந்தரம் தொடங்கி 1964இல் பதிவுபெற்ற சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2001இல் இந்திய அரசின் விதிகள் அதையே நாடு முழுமைக்கும் உரியதாக்கின. அவ்விதிகள் நாய்களை இரண்டாகப் பிரித்தன: வளர்ப்பு நாய், தெருநாய். தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். தெருவில் பிறந்து தெருவை அறிந்த நாய்க்கு இது நியாயமான ஏற்பாடு. வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட நாய்க்கு ‘பிடித்த இடம்’ எது? பேருந்து நிலைய வாசல், ரயில் நிலையத்து மதிலோரம், ஏதேனும் ஒரு வீட்டுக் கேட். கைவிடப்பட்ட இடத்திலேயே அதை மீண்டும் விடுவது இரண்டாம் முறை கைவிடுவதாகும்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைத் தமிழ்ப் பகுதிகளையும் கோரியிருந்தது. அவை கேரளத்தில் நின்றன. அன்று முதல் பாறசாலைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள வீடுகள் இரு வேறு உள்ளாட்சிச் சட்டங்களின் கீழ் வாழ்கின்றன. நாய் வரலாற்றில் நெய்யாற்றின்கரை வட்டம் மிகப் பிற்காலத்தில்தான் பெயர் பெற்றது. அதுவும் இரு முறை, எதிரெதிர்க் காரணங்களுக்காக.

2016 ஆகஸ்டில் அவ்வட்டத்தின் புல்லுவிளைக் கடற்கரையில் 65 வயது மூதாட்டி ஒருவர் தெருநாய்க் கூட்டத்தால் கடித்துக் கொல்லப்பட்டார். 2017 மே மாதம் அதே புல்லுவிளையில் ஒரு மீனவரும் அவ்வாறே இறந்தார். கேரளத்தில் நாய்க்கடிபட்டோருக்கான இழப்பீட்டை ஆராய உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிரிஜகன் குழு செயல்படத் தொடங்கிய காலம் அது. கழிப்பறை வசதி குறைந்த, கழிவு குவியும் மீனவக் குடியிருப்புகள் நாய்ப் பெருக்கத்தின் விலையை முதலில் கொடுக்கின்றன என்பதை நகரத்து விலங்கு நேயம் பல வேளைகளில் கண்டுகொள்வதில்லை.

அதே கடற்கரையில், சில கிலோமீட்டர் வடக்கே, அடிமலைத்துறையில் 2021 ஜூன் இறுதியில் புருனோ என்னும் வளர்ப்பு லாப்ரடார் நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்குக்கு அந்நாயின் பெயரே வைக்கப்பட்டது. வளர்ப்பு நாய்களை உள்ளாட்சி அமைப்புகளில் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்யுமாறு ஜூலையில் உத்தரவு வந்தது. அதற்கான ஊராட்சி விதி முன்பே இருந்தது: 1998ஆம் ஆண்டின் பன்றி, நாய் உரிமம் வழங்கல் விதிகள். பன்றியோடு நாயைச் சேர்த்த அந்தத் தலைப்பு, விதியை எழுதியோர் நாயை எதனோடு எண்ணினர் என்பதைச் சொல்லும். அதே ஆண்டு டிசம்பரில், விலங்குநல வாரியத்தின் அங்கீகாரம் இல்லாமையால் குடும்பஸ்ரீ குழுக்கள் நடத்திவந்த கருத்தடைப் பணியும் நின்றது. புல்லுவிளையில் கடித்தது உடையவர் இல்லாத நாய். அடிமலைத்துறையில் செத்தது உடையவர் உள்ள நாய். இரண்டுக்கும் நடுவில் நிற்பது உடையவர் இருந்து இல்லாமற்போன நாய். எந்த வழக்கும் அதன் பெயரில் நடந்ததில்லை.

இந்த நடுவகை பெருகியதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களிலும் 90களிலும் ‘பொமரேனியன்’ என்ற பெயரில் இந்திய வீடுகளுக்குள் நுழைந்தவை பெரும்பாலும் இந்திய ஸ்பிட்ஸ் நாய்கள். 1994இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்து டஃபி அந்த இனம்தான். 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாய் அடுத்த அலையைக் கொண்டுவந்தது. சிறு இன நாய்கள் பொதுவாகப் பெரிய இனங்களைவிட நீண்ட காலம் வாழும். 12 முதல் 15 ஆண்டுகள் என்பது இயல்பு. விளம்பரத்தைப் பார்த்துக் குட்டி வாங்கிய வீட்டில் அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள் குழந்தை கல்லூரிக்குப் போய்விடுகிறது, குடும்பம் வளைகுடாவுக்கு இடம்பெயர்கிறது, நாயைக் கவனித்துவந்த பாட்டி இறந்துவிடுகிறார். வளைகுடாப் பணத்தால் எழுந்த வீடுகள் நிறைந்த இந்த எல்லைக் கிராமங்களில் இவை எதுவும் அரிய நிகழ்வுகள் அல்ல. பல் ஈறு நோய், இதய வால்வுத் தளர்ச்சி, கண்புரை ஆகியவை சிறு இனங்களின் முதுமையோடு வருவன. மருத்துவச் செலவு ஏறும் வேளையில்தான் நாய் வீட்டை இழக்கிறது.

காப்பகத்துக்கு வருவோர் முதலில் குட்டியைத்தான் கேட்பார்கள். இது உலகெங்கும் உள்ள பழக்கம். முதிய நாயின் குணம் ஏற்கெனவே தெரிந்தது, மலஜலப் பழக்கம் படிந்தது, நெடுந்தூரம் ஓடத் தேவையில்லாதது, வயதானவர்கள் தனித்திருக்கும் வீட்டுக்கு மிகப் பொருத்தமானது. குமரி, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க முதியோர் மட்டும் வாழும் வீடுகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் இந்தப் பொருத்தத்தைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

உச்ச நீதிமன்றத்தின் அண்மை ஆணைகள் இக்கேள்வியை அவசரமாக்கியுள்ளன. டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன 2025 ஆகஸ்ட் 11 ஆணை, ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் அமர்வால் திருத்தப்பட்டது. நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும், மீண்டும் அங்கேயே விடாமல் காப்பகத்தில் வைக்கவும் ஆணை வந்தது. ‘பிடித்த இடத்திலேயே விடுதல்’ என்னும் 2001ஆம் ஆண்டுக் கொள்கை இவ்விடங்களைப் பொறுத்தவரை முடிவுக்கு வந்துள்ளது. அங்கிருந்து பிடிக்கப்படும் இளம் நாய் காப்பகத்திலேயே முதுமை அடையும். நாய்க்கு ஏலமில்லாத ஒரு பட்டி கடைசியில் கட்டப்படுகிறது. மாட்டுக்கு இருந்த ஏழு நாள் கணக்கு மட்டும் இதில் இல்லை.

ஆகஸ்ட் 22 ஆணையில் ஒரு சிறு பகுதி இதற்கு வெளியேறும் வழி தருகிறது. விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து ஒரு நாயைத் தத்தெடுக்கலாம். நாய்க்கு அடையாளம் இடப்படும். அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு. கேரளத்தின் 1998 விதிப்படி உரிமம் தரும் ஊராட்சி அலுவலகம் பாறசாலையில் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே தத்துக் கொடுக்கப்படும் பதினொரு வயது ஸ்பிட்ஸ் ஒன்று களியக்காவிளையில் உள்ள ஒரு வீட்டுக்குப் போகுமானால், அதன் உரிமமும் பொறுப்புப் பத்திரமும் இரு மாநிலங்களின் இரு உள்ளாட்சிப் பதிவேடுகளில் ஏற வேண்டும். ‘வயது’, ‘முந்தைய உடையவர்’ என்னும் இரு கட்டங்களையாவது அப்பதிவேடுகளில் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.