ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்கு



சரித்திரம் என்றவுடன் அரசரும் போரும் உடன்படிக்கைகளுமே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், மனிதன் தன் கையாற் செய்துகொண்ட கருவிகளுக்கும் சரித்திரம் உண்டு. அதனை அறிந்தவன் பொருளை மிச்சப்படுத்துவதும், அறியாதவன் கைப்பொருளை இழப்பதும் கராஜ்களில் நாள்தோறும் நிகழ்வன. பழுதுற்ற லொறி எஞ்சின் ஒன்றை, அதற்கு உறவான வேறு எஞ்சின்களின் உறுப்புக்களைக் கொண்டு சிறு செலவிற் புதுப்பிக்கும் வழக்கத்தின் வரலாற்றையே இன்று கூற முற்படுகின்றேன்.

இப்பொருளில் என் கருத்தைச் செலுத்தச் செய்தவர் என் பழைய மாணவர் ஒருவர். கலைப்பட்டம் பெற்றுச் சரித்திரம் கற்பித்து வந்த எனக்கு எஞ்சினின் உள்வீடு அந்நிய தேசமாகவே இருந்தது. ஒருநாள் அவர் தமது கராஜிற்கு என்னை அழைத்து, இரண்டு இணைப்புத் தண்டுகளை என் கைகளில் வைத்தார். பிஸ்ரனையும் கிராங்க் தண்டையும் தொடுக்கும் உறுப்பு அது. “சேர், இரண்டும் ஒரே கொம்பனி செய்தவை. பார்வைக்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால், ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினால் எஞ்சின் ஒரு மாதமும் தாங்காது. இது ஏன்?” என்று வினவினார். விடை தேடப் புகுந்தபோதுதான், அது பொறியியல் வினாவாக இருக்குமளவிற்குச் சரித்திர வினாவாகவும் இருப்பதைக் கண்டேன்.

ஓர் இயந்திரத்தின் உறுப்பைக் கழற்றி இன்னோர் இயந்திரத்திற் பொருத்தலாம் என்ற எண்ணமே மனித சரித்திரத்தில் மிகப் புதியது. முற்காலத்துக் கொல்லன் ஒவ்வொரு துப்பாக்கியையும் தனித்தனியே அராவிப் பொருத்தினான். ஒன்றின் விசை மற்றொன்றுக்குச் சேராது. 1785 ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்து ஒனொரே பிளாங்க் என்பார், துப்பாக்கி விசைகளின் உறுப்புக்களைக் குவியல் குவியலாக வைத்து, எந்தக் குவியலில் எதனை எடுத்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும் எனச் செய்து காட்டினார். அக்காலத்தில் அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த தோமஸ் ஜெபர்சன் தம் கையாலேயே சில விசைகளைக் கோத்துப் பார்த்து வியந்து, தம் நாட்டுக்கு எழுதினார். 1801 இல் அமெரிக்காவில் எலை விற்னி இதுபோன்ற காட்சியை நடத்திப் பெரும் புகழ் பெற்றார். ஆனால், எஞ்சியுள்ள அவருடைய துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர் சோதித்தபோது, அவற்றின் உறுப்புக்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. வாக்குறுதி முந்திவிட்டது; வேலைத்திறன் பல ஆண்டுகள் கழித்தே அதனை எட்டியது.

மோட்டார் வண்டியில் அவ்வாக்குறுதி நிறைவேறியதை உலகம் கண்ணாரக் கண்டது 1908 ஆம் ஆண்டில். இங்கிலாந்தின் புறூக்லண்ட்ஸ் ஓட்டத்திடலில், றோயல் ஒற்றோமொபைல் கழகத்தினர் முன்னிலையில், மூன்று கடிலாக் வண்டிகள் முற்றாகக் கழற்றப்பட்டன. உறுப்புக்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டன. அவற்றுள் 89 உறுப்புக்கள் அகற்றப்பட்டு, விற்பனையாளரின் இருப்பிலிருந்து எடுத்தவை அவற்றினிடத்தில் வைக்கப்பட்டன. மீண்டும் கோக்கப்பட்ட மூன்று வண்டிகளும் பல வர்ணங்கள் கலந்த விநோதத் தோற்றத்துடன் புறப்பட்டு, 500 மைல் ஓடி முடித்தன. அதன் பொருட்டுக் கடிலாக் நிறுவனத்துக்கு டியூவர் கிண்ணம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே அந்நிறுவனம் ஜெனரல் மோட்டோர்ஸ் கூட்டில் இணைந்தது. 1918 இல் செவர்லே நிறுவனமும் அக்கூட்டிற் சேர்ந்தது. நம் கதையின் நாயகன் அந்தச் செவர்லேயின் ஆறு சிலிண்டர் எஞ்சினே.

ஒரே மாதிரியைச் சேர்ந்த மூன்று வண்டிகளின் உறுப்புக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியமை பெருஞ் சாதனையே. ஆயினும், காலம் செல்லச் செல்ல மாதிரி மாறுமே, அப்பொழுது என்ன ஆகும்? இக்கேள்வியை அந்த எஞ்சினின் வாழ்க்கை தெளிவாக விளக்குகின்றது.

போர்ட் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் வண்டியோடு போட்டியிடுவதற்காக, நான்கின் விலைக்கு ஆறு சிலிண்டர் தருவதாகக் கூறி, 1929 ஆம் ஆண்டு மாதிரியாகச் செவர்லே இந்த எஞ்சினை வெளியிட்டது. அதன் கொள்ளளவு 194 கன அங்குலம். அடுப்புக்களிற் பூட்டும் போல்ட்டுக்களைப் போன்ற போல்ட்டுக்கள் அதில் இருந்தமையால், ‘அடுப்பு போல்ட் எஞ்சின்’ என்று மக்கள் அதற்குப் பட்டப்பெயர் சூட்டினர். 1937 இல் அது திருத்தி அமைக்கப்பட்டு 216 கன அங்குலமாயிற்று; கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் மூன்றிலிருந்து நான்காயின. 1941 இற் பார லொறிகளுக்காக 235 கன அங்குல எஞ்சினும், 1954 இல் 261 கன அங்குல எஞ்சினும் தோன்றின. பாட்டன், தந்தை, அண்ணன், தம்பி என இவற்றை ஒரு குடும்பமாக நாம் கொள்ளலாம்.

இவை ஒன்றையொன்று ஒத்திருப்பதற்குக் காரணம் சிக்கனமே. எஞ்சினை வார்க்கும் அச்சுக்களும், துளையிடும் பெருங் கருவிகளும் மிகுந்த விலையுள்ளவை. ஆகவே, மாற்ற வேண்டியதை மாற்றி, மற்றவற்றை உற்பத்தியாளர் அப்படியே வைத்துக்கொள்வர். 235, 261 என்னும் இரண்டிலும் பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் ஒன்றே; அது 3 15/16 அங்குலம். சிலிண்டரின் அகலம் மாத்திரம் 3 9/16 அங்குலத்திலிருந்து 3 3/4 அங்குலமாகப் பெருத்தது. உற்பத்தியாளரின் இச்சிக்கனத்திலேதான் ஏழை லொறிக்காரனின் சிக்கனமும் பிறந்தது. பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலத்திலும், 1942 பெப்ரவரியிற் போரின் பொருட்டுப் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்ட பின்பும், புது வண்டி வாங்க இயலாதவர்கள் பழைய வண்டிகளைப் பிரித்து ஒன்றை வாழவைத்தனர். எந்த ஆண்டின் உறுப்பு எந்த ஆண்டின் வண்டிக்குப் பொருந்தும் என்று நிரற்படுத்திக் காட்டும் ஹொலண்டர் அட்டவணை நூல் அங்கே 1934 இலேயே வெளிவரத் தொடங்கியமை, அத்தேவை எத்துணைப் பரந்ததாயிருந்தது என்பதைக் காட்டும்.

இனி, என் மாணவர் கேட்ட வினாவுக்கு வருவோம். 216 எஞ்சினில், இணைப்புத் தண்டின் பேரிங், பாபிட் என்னும் வெள்ளீயக் கலப்பு உலோகத்தை உருக்கித் தண்டிலேயே வார்த்துச் செய்யப்பட்டது. தண்டின் அடியில் உள்ள சிறு அகப்பை போன்ற உறுப்பு, சுழலும்போது எண்ணெயை அள்ளிப் பேரிங்குக்குக் கொடுத்தது. அது தேய்ந்தால் மீண்டும் உருக்கி வார்க்கக் கைதேர்ந்த தொழிலாளி வேண்டும். 1953 இல் தானியங்கிக் கியருள்ள கார்களின் 235 எஞ்சினிலும், 1954 முதல் லொறிகளிலும், இம்முறை கைவிடப்பட்டது. பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் கிராங்க் தண்டினுள்ளே துளைத்த வழியாகச் செலுத்த, கழற்றி மாற்றக்கூடிய மெல்லிய ஓட்டுப் பேரிங்குகள் வந்தன. வார்ப்பிரும்புப் பிஸ்ரன்கள் போய் அலுமினியப் பிஸ்ரன்கள் வந்தன.

இந்நிலையில், மலிவாகக் கிடைக்கும் புதிய தண்டுகளைப் பழைய கிராங்கில் மாட்ட நினைப்பவனுக்கு நேர்வதென்ன? பழைய கிராங்கில் எண்ணெய் வழி இல்லை. புதிய தண்டில் அகப்பை இல்லை. கொடுப்பவனும் இல்லை, எடுப்பவனும் இல்லை. எண்ணெயின்றிப் பேரிங் உருகும். பாரமான இரும்புப் பிஸ்ரனையும் இலகுவான அலுமினியப் பிஸ்ரனையும் கலந்தால் நிறை சமப்படாது எஞ்சின் அதிரும். ஆதலால், இத்தொழில் அறிந்தோர் தனி உறுப்பை மாற்றாது, 1954 இற்குப் பின்னைய எஞ்சின் முழுவதையுமே பழைய லொறியில் ஏற்றினர். அப்பொழுதும் எச்சரிக்கை வேண்டும். 1955 இன் பின் நீர்ப் பம்பின் அமைப்பு மாறியது. நடுவே இணைப்புத் தகடு ஒன்றை வைத்துப் பழைய பம்பையே பூட்டுவது வழக்கமாயிற்று. அதே காலத்தில் மின்சாரமும் 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றாகியது. பழைய பிளைவீலுக்குப் பற்கள் 139; புதியதற்கு 168. எனவே, ஸ்ராட்டரையும் பிளைவீலையும் சோடி பிரிக்காமலே எடுத்தல் வேண்டும்.

இன்னும் நுட்பமான ஒரு செய்தியும் உண்டு. 261 எஞ்சினிற் சிலிண்டர்களைப் பெருப்பித்தபோது, அவற்றின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன; இடையே நீர் செல்ல இடமில்லாது போயிற்று. அவ்விடங்களில் தேங்கும் ஆவி வெளியேறுவதற்கென்றே சிறு துளைகள் விடப்பட்டன. 235 இன் சிலிண்டர் ஹெட்டை 261 இன் மேல் வைக்கலாம். ஆனால், அத்துளைகளை ஹெட்டிலும் இட்டு, 261 இன் காஸ்கெட்டையே போடுதல் வேண்டும். மறந்தால், போல்ட்டுக்கள் எல்லாம் சரியாகவே இறுகும், எஞ்சினும் சிறப்பாகவே புறப்படும். முதல் மேட்டிலே கொதிக்கும். பூட்டிவிட்டோம் என்பதனாலேயே பொருந்திவிட்டது என்று கொள்ளலாகாது என்பதற்கு இதனிலும் நல்ல உதாரணம் வேண்டுமோ?

தோற்றத்தினால் ஏமாறுவதற்கும் ஓர் உதாரணம் கூறலாம். அதே ஜெனரல் மோட்டோர்ஸ் கூட்டைச் சேர்ந்த ஜீ.எம்.சீ. லொறிகளுக்கு 1939 முதல் வேறொரு ஆறு சிலிண்டர் எஞ்சின் வரிசை இருந்தது. இரண்டாவது உலகப் போரில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ லொறிகளைச் செலுத்திய 270 கன அங்குல எஞ்சின் அவ்வரிசையினதே. தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது செவர்லேயின் உடன்பிறப்பாகவே தோன்றும். ஆயினும், அது சற்று நீண்டது, உள்ளுறுப்புக்கள் வேறு, அழுத்த எண்ணெய் முறையும் அதற்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. எஞ்சின் முழுவதையும் செவர்லே லொறியிற் பலர் ஏற்றினர். பிஸ்ரனையும் தண்டையும் மாற்ற முயன்றவர்கள் ஏமாந்தனர்.

ஆகவே, உறவை நிச்சயிப்பது எவ்வாறு? சாசனவியலாளன் கல்லில் எழுத்தைத் தேடுவது போல, இத்தொழிலாளி இரும்பில் இலக்கத்தைத் தேடுகின்றான். எஞ்சின் கட்டையிலும் ஹெட்டிலும் வார்ப்பு இலக்கம் புடைத்து நிற்கும். அருகே ஓர் ஆங்கில எழுத்தும் சில இலக்கங்களும் காணப்படும். எழுத்து மாதத்தைக் குறிக்கும். முதலாம் எழுத்து ஜனவரி, பன்னிரண்டாம் எழுத்து டிசெம்பர். அடுத்தது திகதி. இறுதியில் ஆண்டின் கடைசி இலக்கம் மாத்திரமே இருக்கும். 5 என்றிருப்பின் அது 1945 ஆ, 1955 ஆ? வார்ப்பு இலக்கத்தையும் எஞ்சினின் அமைப்பையும் ஒப்புநோக்கியே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். சரித்திர மாணவன் ஒருவனுக்கு இதனிலும் சிறந்த பயிற்சி கிட்டுமா என்பது ஐயமே.

இவ்வளவும் கற்ற பின்னரும், பிரிக்கக்கூடாத உறுப்புக்கள் சில உண்டு என்பதை மறத்தலாகாது. கிராங்கைத் தாங்கும் பேரிங் மூடிகள், எஞ்சின் கட்டையோடு சேர்த்துப் பூட்டிய நிலையிலேயே ஒரே நேராகத் துளைக்கப்படுகின்றன. ஒரு கட்டையின் மூடியை வேறொரு கட்டைக்கு வைத்தால், துளை நேராக அமையாது. முழுவதையும் மீண்டும் துளைத்தாலன்றி உதவாது. அவ்வாறே, பலகாலம் ஓடிய காம் தண்டும் அதன் மேல் உராயும் லிப்ரர்களும் ஒன்றுக்கொன்று தேய்ந்து இசைந்தவை. அவற்றை இடம் மாற்றாது வரிசைப்படி இலக்கமிட்டு வைத்தல் வேண்டும். உறுப்புக்கள் மாறிப் பொருந்தும் இவ்யுகத்திலும் பழைய கொல்லனின் முறை முற்றாக அழிந்துவிடவில்லை போலும்.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. இலங்கைத் தெருக்களில் நெடுங்காலம் நெல்லும் தேங்காயும் ஆட்களும் சுமந்து ஓடிய பெட்போர்ட் லொறி, 1931 இல் இங்கிலாந்திற் பிறந்தபோது, செவர்லே லொறியின் வழித்தோன்றலாகவே பிறந்தது. 1970 களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோதும், 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் அருகிப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியபோதும், 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், பழைய வண்டியை வாழவைத்தவர்கள் நம்முடைய கராஜ் தொழிலாளர்களே. லொறி ஒன்று நின்றால் ஒரு குடும்பத்தின் அடுப்பும் நிற்கும் என்பதை அவர்கள் அறிவர்.

ஆனால், அவர்கள் அறிந்ததில் எழுதி வைக்கப்பட்டது எவ்வளவு? எந்த எஞ்சினின் எந்த உறுப்பு எதற்குப் பொருந்திற்று, எது பொருந்தாது கெட்டது என்னும் அனுபவம், அத்தொழிலாளரோடு மறைந்து போகின்றது. அமெரிக்காவில் அட்டவணை நூல் செய்த வேலையை இங்கே ஒரு தொழிலாளியின் ஞாபகமே செய்து வந்தது. என் மாணவரிடம் நான் ஒன்றே வேண்டிக்கொண்டேன்: கராஜில் ஒரு கொப்பியை வைத்திருங்கள், கழற்றும் ஒவ்வொரு எஞ்சினின் இலக்கத்தையும், அளவையும், செய்த மாற்றத்தையும், அதன் பலனையும் எழுதுங்கள், முக்கியமாகத் தோல்விகளை எழுதுங்கள். இப்பொழுது அக்கொப்பியில் ஐம்பது பக்கம் வரையில் எண்ணெய்க் கறையோடு நிரம்பியிருக்கின்றது. அங்கே வேலை பழகும் இளைஞர் எதனையும் பூட்டுமுன் அதனைப் புரட்டிப் பார்க்கின்றனர். நான் கண்ட சரித்திர நூல்களுள் அதற்கும் ஓர் இடம் உண்டு.