கட்டையில் இறங்கியவர்கள்

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் குடும்பம், பள்ளி, வசிப்பிடம் ஆகியவை இடம்பெறுகின்றன. அப்பாடத்தைப் போதிக்கையில், “உங்கள் தாத்தா பாட்டி எங்கே வாழ்ந்தார்கள்?” என்று மாணவர்களிடம் வினவினேன். பலர் தாமான் பெயர்களையே கூறினர். ஒரு மாணவன் மட்டும், “பாட்டி ஏதோ கட்டைன்னு சொல்வாங்க, டீச்சர். எத்தனாவது கட்டைன்னு தெரியல” என்றான். வகுப்பே சிரித்தது. என் தாயாரும் அவ்வாறே சொல்பவர் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டை என்பது மைல்கல். மலாய்மொழியில் ‘பத்து’ என்பதும் கல்லே (தமிழ் எண்ணாகிய பத்து என மயங்க வேண்டா). ஷா ஆலாமிலுள்ள பத்து தீகா நம்மவர் வழக்கில் மூன்றாங்கட்டை. 1972ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்திற்குப் பின்னர் மைல் மறைந்து கிலோமீட்டர் வந்தது. பெரியவர்களோ இன்றும் கட்டைக் கணக்கிலேயே வழி சொல்கின்றனர்.

என் பள்ளிப்பருவத்தில், 1980களில், கோலாலம்பூரிலிருந்து சுங்கை பூலோ, ஈஜோக் வழியாகக் கோலசிலாங்கூருக்குச் செலாங்கூர் ஆம்னிபஸ் ஓடியது. வழியிலிருந்த நிறுத்தங்கள் பலவற்றிற்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு மரம், அதனருகே தோட்டத்திற்குள் செல்லும் செம்மண் சாலை, அவ்வளவே. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் நடத்துநர் மணியடிப்பார். அங்கிருந்து லயத்திற்கு நடை.

சம்பளம் போட்ட வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் மாலாவாத்தியின் அடிவாரத்திலுள்ள பழைய பட்டணத்தில் நிற்க இடமிராது. ஜெராம், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் எனப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருவர். மளிகை வாங்குவது ஒரு காரணம். வேறு தோட்டத்திற்கு மணமாகிச் சென்ற மகளைப் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் பார்ப்பது அதனினும் பெரிய காரணம். என் அத்தைக்கு வரன் அமைந்ததே அங்குப் பேருந்துக்குக் காத்திருந்தபோதுதான் என்பர்.

அக்குன்றின் வரலாறு யாவரும் அறிந்ததே. 1784இல் டச்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றி ஆல்திங்ஸ்பர்க் எனப் பெயரிட்டனர். 1907இல் கலங்கரை விளக்கம் எழுந்தது. குன்றின் கீழே பேருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கும் வரலாறு உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கொனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். மலாயாத் தோட்ட வாழ்வைப் பற்றிய அவரது நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. மண் வெட்டிக் கன்று நட்டவர்களின் பெயர்களை எந்தப் பரிசும் தேடவில்லை.

மற்றொன்றைப் பெற்றோர் அவசியம் அறிய வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு வேறு இரண்டு கோரிக்கைகளும் இருந்தன. துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக வேண்டும். மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. படையினர் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். உறவினரைத் தம் வீட்டிற்கு அழைக்கவே போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், பட்டணத்து நிலையத்தில் நிகழ்ந்த அந்த ஒரு மணி நேரச் சந்திப்பின் அருமை விளங்கும்.

பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. 2011இல் ஈஜோக்கிற்கு நெடுஞ்சாலை வந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாகியும் மறைந்தன. தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் மட்டும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் பள்ளியும் அப்படித் தோட்டத்திலிருந்து இடம்மாறி வந்ததுதான். முன்பு எங்கே நின்றது என்பதை நான் அறியேன்.

மறுநாள் அம்மாணவன் ஒரு தாளை நீட்டினான். பாட்டி சொல்லச் சொல்ல அவன் வரைந்த படம்: சாலை, மைல்கல், மரம், மாரியம்மன் கோயில், ஆயாக்கொட்டகை. கோயிலுக்குப் பின்னால் ஒரு பெட்டி வரைந்திருந்தான்.

“இது என்னப்பா?”

“நம்ம பள்ளிக்கூடம், டீச்சர். அப்போ அங்கதான் இருந்துச்சாம்.”