காய்ந்த புல்லும் வசந்தகாலத் தும்மலும்

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில் என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். பாடப் புத்தகம் ஒன்றில் 'ரியூம் தே ஃபுவேன்' என்று ஒரு நோயின் பெயர் வந்தது. 'ரியூம்' என்றால் ஜலதோஷம். 'ஃபுவேன்' என்பதை வைக்கோல் என்று எடுத்துக்கொண்டு வகுப்பே சிரித்தது. வைக்கோல் போரில் ஏறிக் குதித்த பிள்ளைகளாயிற்றே! வாத்தியார் திருத்தினார்: வைக்கோல் நெல்லின் தாள், ஃபுவேன் என்பது புல்லை அறுத்து, உலர்த்தி, குளிர்காலத்துக்கு மாட்டுக்குச் சேர்த்து வைப்பது. நம் பக்கம் அந்த வழக்கம் இல்லாததால் பெயரும் இல்லை.

ஐரோப்பாவிலும் இந்த நோய்க்கு வயது அதிகமில்லை. அதாவது மருத்துவ ஏட்டில். 1819 மார்ச்சில் ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் மருத்துவர், மருத்துவச் சங்கம் ஒன்றில் ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை படித்தார். நோயாளியின் பெயர் ஜே.பி., வயது 46. ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்தால் கண் அரிப்பு, ஓயாத தும்மல், மூச்சுத் திணறல். எட்டு வயதிலிருந்தே அப்படி. அந்த ஜே.பி. வேறு யாருமில்லை, அவரேதான். இரத்தம் எடுத்தல், அபின், குளிர்ந்த நீர்க் குளியல் எல்லாம் பார்த்துவிட்டார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் தேடியும் தன்னைப்போல 28 பேரைத்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. காய்ந்த புல்தான் காரணம் என்று ஜனங்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. கோடை வெயிலின் மேல் பழியைப் போட்டார். எனக்கென்னவோ ஜனங்கள்தான் விஷயத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்று படுகிறது.

உண்மையைப் பிடித்தவர் மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி. இவருக்கும் அதே உபாதை. புல்லின் மகரந்தத்தைச் சேர்த்து வைத்து, தன் மூக்கிலேயே போட்டுப் பார்த்தார். தோலைக் கீறித் தேய்த்தும் பார்த்தார், தடித்துக்கொண்டது. பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கு மேல் பறக்கவிட்டார். அங்கேயும் மகரந்தம் ஒட்டியிருந்தது. 1873-ல் இதையெல்லாம் புத்தகமாக்கினார். அதில் ஒரு வேடிக்கை: மகரந்தத்திலேயே புழங்கும் விவசாயிகளுக்கு இந்த நோய் அபூர்வம், படித்தவர்கள், வசதியுள்ளவர்களுக்குத்தான் வருகிறது என்று எழுதினார். அப்புறம் கேட்க வேண்டுமா? தும்மல் ஒரு கௌரவமாகிவிட்டது. அமெரிக்காவில் 1874-ல் இந்த நோயாளிகள் சங்கமே வைத்துக்கொண்டார்கள். பருவம் வந்தால் பணக்காரர்கள் மலைப்பக்க ஓட்டல்களுக்குப் போய்விடுவார்கள்.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள். 1901-ல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் கப்பலில் ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே இருவரும் கடல் உயிரி ஒன்றின் விஷத்தை ஆராய்ந்தார்கள். ஊர் திரும்பி, கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்கு ஊசியில் செலுத்தினார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. மூன்று வாரத்துக்குமேல் கழித்துக் கொடுத்த இரண்டாவது ஊசியில் அரை மணி நேரத்துக்குள் செத்தது. உடம்பு பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தால், பகைத்துக்கொண்டது! இதற்காக ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு. இடையில் 1906-ல் வியன்னாவின் பிர்க்கே, கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'அலர்ஜி' என்ற பெயரை உண்டாக்கினார். இன்று நம் மளிகைக்கடைக்காரர்கூட அதைச் சொல்கிறார்.

மருந்தும் பாரிஸில்தான் பிறந்தது. 1937-ல் பாஸ்தர் நிலையத்தில் தானியேல் போவே, ஆன் மரி ஸ்டோப் இருவரும் ஹிஸ்டமினை அடக்கும் முதல் பொருளைக் கண்டார்கள். ஆனால் மனிதருக்குத் தர முடியாத நஞ்சு அது. 1942-ல்தான் ஆன்தெர்கான் மருந்து மனிதருக்கு வந்தது. நமக்கெல்லாம் பழக்கமான அவில் அந்த வம்சம்தான். அதைப் போட்டுக்கொண்டு கோப்பின்மேல் தலை சாய்த்த எழுத்தர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

இவ்வளவையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம், பாரிஸுக்குப் பக்கத்தில் பிறந்து வளரும் என் மகள் வயிற்றுப் பேரன். ஏப்ரலில் பிர்ச் மரம் பூத்ததும் ஆரம்பம். மே, ஜூனில் புல் பூக்கும்போது கண் வீங்கித் திறக்காது. "நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லையேப்பா, நான்தான் பொத்திப் பொத்தி வளர்த்துக் கெடுத்துட்டேனா?" என்று மகள் போனில் அழுதாள்.

அவளுக்கு நான் ஸ்ட்ராகன் கதையைச் சொன்னேன். 1989-ல் அந்த ஆங்கிலேயர், 1958-ல் பிறந்த 17,414 பிள்ளைகளின் விவரங்களை அலசினார். அண்ணன் அக்கா அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தும்மல் குறைவாக இருந்தது. சிறு வயதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமிகளே உடம்புக்குப் பாடம் சொல்லித் தருகின்றன என்பது அவருடைய ஊகம். பிளாக்லியின் விவசாயிகள் நினைவுக்கு வருகிறார்கள். நாங்கள் ஏழு பேர், கொல்லையில் மாடு, ஒருவர் மூக்கு ஒழுகினால் ஏழு மூக்கும் ஒழுகும். அவனோ ஒற்றைப் பிள்ளை, நான்காவது மாடியில். ஆனால் பிறந்த ஊரையும் வீட்டையும் ஒரு தாய் மாற்றியா வைக்க முடியும்? ஊகம் ஊகம்தான், குற்றப்பத்திரிகை இல்லையம்மா என்றேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் போலிருக்கிறது, அழுகை நின்றது.

இப்போது மகரந்தச் சாற்றையே சொட்டு மருந்தாக நாக்கின் அடியில் விட்டுப் பழக்குகிறார்கள். 1911-ல் லண்டனில் லெனார்ட் நூன் ஊசியாகத் தொடங்கிய வைத்தியத்தின் வாரிசு இது. தினமும் விட வேண்டும், மூன்று வருஷமாவது. பேரனுக்கு இது இரண்டாவது வருஷம். போன ஜூனில் கண் திறந்திருந்தது. இந்த ஜூனில் பக்கலோரேயா பரீட்சை, சரியாகப் புல் பூக்கும் வாரங்களில்.