கியர்பாக்ஸை இறக்கும் முன்: பெங்களூரில் ஒரு தீர்ப்பின் வரலாறு

கிளட்ச் பிளேட் தேய்வது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். டயரை நின்றபடியே பார்த்துவிடலாம். பிரேக் ஷூவைச் சக்கரத்தைக் கழற்றினால் பார்க்கலாம். கிளட்சோ எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, மூடிய கூட்டுக்குள் இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கினால்தான் பிளேட் தெரியும். இறக்கிய பிறகு பழையதையே திரும்ப மாட்ட யாருக்கும் மனம் வராது. ஆகவே மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பொருளைப் பார்க்கும் முன்பே சொல்லியாக வேண்டும். பெங்களூரின் கார் பட்டறைகளில் இந்தத் தீர்ப்பு காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. பிளேட் எவ்வளவு தேய்ந்தது என்பதைவிட, அந்தந்தக் காலத்தில் உதிரிபாகம், கூலி, நேரம் ஆகியவற்றில் எது அரிதாக இருந்தது என்பதே அதை அதிகம் நடத்தியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூருக்கு வந்த கார்கள் 1809இல் உருவான தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியின் அதிகாரிகளிடமும் மைசூர் அரண்மனையைச் சேர்ந்தவர்களிடமும் சில செல்வந்தர்களிடமும் இருந்தன. அக்காலக் கார்கள் பலவற்றில் கிளட்ச் என்பது தோல் போர்த்திய ஒரு கூம்பு. அது ஃப்ளைவீலின் குழிவுக்குள் போய் இறுகிக்கொள்ளும். தோல் காய்ந்தால் வண்டி வெடுக்கென்று இழுக்கும்; எண்ணெய் மிஞ்சினால் வழுக்கும். காய்ந்ததற்கு ஆமணக்கு எண்ணெய் தடவுவதும், வழுக்கினால் எண்ணெயை உறிஞ்சும் களிமண் பொடி தூவுவதும் அந்நாளைய வைத்தியம். தோல் நைந்துவிட்டால் புதுத் தோலை வெட்டித் தைத்து அடித்துவிடலாம். மாற்றுவது பற்றி மெக்கானிக் பெரிதாக யோசிக்க வேண்டியிராத காலம் அது ஒன்றுதான். 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி இந்தக் கதைக்குள் அடங்காது. அதன் கியரை மாற்றியவை பருத்திப் பட்டை சுற்றிய வளையங்கள்; தேய்ந்தால் பட்டையை மாற்றினால் போதும்.

தோலின் இடத்தைப் பிடித்தது உலர்ந்த ஒற்றைத் தட்டு. எஃகுத் தட்டின் இரு முகங்களிலும் கல்நார் கலந்த லைனிங்கைப் பித்தளை ரிவெட்டால் அடித்து, அதைச் சுருள்வில்கள் கொண்ட பிரஷர் பிளேட்டால் ஃப்ளைவீலோடு அழுத்திவைக்கும் அமைப்பு அது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் இத்தகைய உராய்வுப் பொருள்களுக்குப் பேர்போனது. இந்த அமைப்போடு, கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையும் வந்து சேர்ந்தது. ரிவெட்டின் தலை லைனிங்குக்குள் புதைந்திருக்கும்வரை பிளேட் நல்ல பிளேட். லைனிங் தேய்ந்து ரிவெட் தலை எட்டிப் பார்த்தால் அது ஃப்ளைவீலைக் கீறத் தொடங்கும். பிற்காலத்தில் கார் நிறுவனங்களின் கையேடுகள் ரிவெட்டுக்கு மேல் 0.3 அல்லது 0.5 மில்லிமீட்டர் மிச்சமிருப்பதை எல்லையாக எழுதிவைத்தன. ஒரு பிளேட்டின் ஆயுள் முழுவதும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனத்தில்தான் அடங்கியிருக்கிறது.

விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அரிதாக இருந்தது உதிரிபாகம். உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் என்று அரசு 1950களின் தொடக்கத்தில் முடிவெடுத்ததும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இங்கே கார் பூட்டுவதை நிறுத்திக்கொண்டன. சாலையில் எஞ்சியவை அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று குடும்பங்கள்; கூடவே இரண்டாம் உலகப் போருக்குப்பின் ராணுவம் கழித்த ஜீப்புகள். புதுக் காருக்குப் பதிவுசெய்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால், இருக்கும் காரை எப்பாடுபட்டாவது ஓட்டியாக வேண்டியிருந்தது. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள்வரை நீளும் ஜே.சி. ரோடு நகரின் உதிரிபாகச் சந்தையாகத் தழைத்தது இந்தத் தேவையால்தான். புதியது அங்கே, பிரித்துப்போட்ட வண்டிகளின் பழைய பாகத்துக்குச் சிவாஜிநகர்.

அந்நாளில் கூலி மலிவு, பொருள் அரிது. அதனால் கியர்பாக்ஸை இறக்கத் தயக்கமில்லை. இறக்கிய பின் எதைத் தூக்கி எறிவது என்பதில்தான் தயக்கம். லைனிங் தேய்ந்தால் பிளேட்டைத் தூக்கி எறியமாட்டார்கள்; ரிவெட்டைத் துளைத்தெடுத்துப் புது லைனிங் அடிப்பார்கள். கீறல் விழுந்த ஃப்ளைவீல் லேத்துக்குப் போகும். பிரஷர் பிளேட்டில் சோர்ந்த சுருள்வில்லை மட்டும் மாற்றி, அதன் விரல்கள் (கிளட்சை விடுவிக்கும் நெம்புகோல்கள்) மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கும்படி முடுக்குவார்கள். விரல்களில் ஒன்று தாழ்ந்தாலும் வண்டி கிளம்பும்போது அதிரும் என்பதால், அந்த முடுக்கலில்தான் மெக்கானிக்கின் கைத்திறன் தெரிந்தது. பொதுத்துறை ஆலைகளும் இயந்திரப் பட்டறைகளும் நிறைந்த நகரில் லேத் ஓட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் இருந்தது. கூட்டைத் திறந்ததும் கல்நார்த் தூசியைக் காற்றடித்து ஊதித் தள்ளுவது வழக்கம். நுரையீரலில் தங்கி நோய் செய்யும் தூசி அது என்ற எச்சரிக்கை பட்டறைகளை மிகத் தாமதமாகவே எட்டியது.

திறக்காமலே கண்டுபிடிக்கும் முறைகளும் இந்தத் தலைமுறைப் பட்டறைகளுக்குக் கைவந்திருந்தன. கேபிளோ கம்பியோ இழுக்கும் கிளட்சில் லைனிங் தேயத் தேயப் பெடலின் ஃப்ரீ ப்ளே (அழுத்தத் தொடங்கும்போது வெறுமனே நகரும் தூரம்) குறைந்துகொண்டே வரும். வண்டி பிடிக்கும் இடமும் மேலே ஏறும். ஃப்ரீ ப்ளே அறவே போய்விட்டால், நல்ல பிளேட்கூட முழுதாக இறுகாமல் வழுக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது கேபிளைத்தான். அதைச் சரிசெய்த பிறகும் வழுக்கினால் பிளேட் மீது சந்தேகப்படலாம். சோதிக்கும் முறை எளிது: சமதரையில் ஹேண்ட்பிரேக்கை முழுதாகப் போட்டு, மூன்றாம் கியரிலோ நான்காம் கியரிலோ வைத்து, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெல்ல விட வேண்டும். உடனே எஞ்சின் திணறி நின்றால் பிளேட்டில் பிடிப்பு இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிடிப்பு இல்லை. சந்தேகம் தீரவில்லையென்று நாலைந்து முறை இதையே செய்தால் சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும். சாலையில் பார்ப்பதானால் ஏற்றத்தில் டாப் கியரில் அழுத்த வேண்டும். எஞ்சின் இரைச்சல் எழும்பியும் வேகம் ஏறாவிட்டால் அது ஸ்லிப். 920 மீட்டர் உயரத்தில், மேடும் பள்ளமுமாகப் படுத்திருக்கும் பெங்களூரில் ஏற்றத்துக்குக் குறைவில்லை. 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலைக்கு ஞாயிற்றுக்கிழமை ஏறும் வண்டிகள் கொண்டைஊசி வளைவுகளில் விடும் கருகல் வாடை, பல உரிமையாளர்களுக்கு முதல் அறிவிப்பு.

கிளட்ச் மீது சுமத்தப்படும் பழி எல்லாம் தேய்மானம் அல்ல. கியர் விழ மறுத்துக் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். பெரும்பாலும் கேபிளோ ஹைட்ராலிக் சிலிண்டரோதான் காரணம். பெடலை அழுத்தும்போது மட்டும் கேட்கும் சத்தம் ரிலீஸ் பேரிங்குடையது. கிளம்பும்போது வண்டி உதறினால், எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் ஏறியிருக்கலாம், எஞ்சின் மவுண்ட் தளர்ந்தும் இருக்கலாம். சீலைக் கவனிக்காமல் பிளேட்டை மட்டும் மாற்றிய வண்டி சில மாதங்களில் அதே பட்டறைக்குத் திரும்பும்.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்தக் கணக்கைத் திருப்பிப்போட்டது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை ஓட்டும் காரில் கியர்பாக்ஸை இறக்க, அச்சுத் தண்டுகளையும் கழற்ற வேண்டும். சுருள்வில்களுக்குப் பதில் டயாஃப்ரம் வில் இருந்ததால், முடுக்குவதற்கு விரல்களும் இல்லை. நோயின் அறிகுறியும் மாறியது. சுருள்வில்லில் லைனிங் தேயும்போது அழுத்தம் தளர்ந்து சீக்கிரமே வழுக்கும். டயாஃப்ரம் வில்லிலோ தேயும்போது அழுத்தம் முதலில் கூடும்; பெடல் கனக்கும், பிடிப்பு குறையாது. கிளட்ச் ஹார்டாகிவிட்டது என்று வந்த காரில் பிளேட்டும் முடிவை நெருங்கியிருப்பதை உணரப் பழைய கைகளுக்குச் சில காலம் பிடித்தது. பின்னர் பரவிய ஹைட்ராலிக் கிளட்ச் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்வதால், ஃப்ரீ ப்ளே என்ற பழைய அடையாளமும் பயன்படாமல் போனது.

இதற்குள் பொருள் தட்டுப்பாடு தீர்ந்திருந்தது. சென்னையின் அமால்கமேஷன்ஸ் குழுமம் முதல் பக்கத்து ஓசூரில் ஆலை வைத்த லுக் நிறுவனம்வரை கிளட்ச் தயாரிப்பாளர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். கூலிதான் ஏறியது. அதனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவது நடைமுறையாயிற்று. விலை குறைந்த பேரிங்கை மிச்சம்பிடித்து, அது கத்தத் தொடங்கியதும் மறுபடி கியர்பாக்ஸை இறக்குவது உண்மையிலேயே வீண்செலவு. ரிவெட் அடிக்கும் தொழில் லாரி, டிராக்டர் பக்கம் ஒதுங்கியது. இரட்டை நிறை ஃப்ளைவீல் கொண்ட டீசல் கார்கள் வந்தபோது, ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துச் சீவும் வழியும் அவற்றுக்கு அடைபட்டது. அந்த ஃப்ளைவீலின் விலை கிளட்ச் செட்டையும் மிஞ்சக்கூடும் என்பதால், அவற்றின் உரிமையாளர் மாற்றுவதைத் தள்ளிப்போடப் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் வழுக்கும் கிளட்சின் சூடு அந்த ஃப்ளைவீலையும் கெடுக்கும்.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகியதும் நேரம் அரிதாயிற்று. ஊழியர்களை இரவும் பகலும் ஏற்றி இறக்கிய குவாலிஸ், சுமோ, இண்டிகா வண்டிகளுக்கு ஒரு நாள் பட்டறையில் நிற்பது ஒரு நாள் வருமான இழப்பு. 2022ஆம் ஆண்டுக்கு டாம்டாம் நிறுவனம் வெளியிட்ட போக்குவரத்துக் கணக்கில், பெங்களூரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. உலக நகரங்களில் லண்டனுக்கு அடுத்த இடம். இப்படிப்பட்ட நெரிசலில் ஹாஃப் கிளட்சில் ஊர்வதுதான் ஓட்டுதல். முழுதாக இறுகிய பிளேட் தேய்வதில்லை. வழுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் தேய்கிறது. ஓசூர் சாலையின் நெரிசலிலேயே காலம் கழித்த காரில் 40,000 கிலோமீட்டரில் பிளேட் தீர்ந்துபோகலாம். நெடுஞ்சாலையில் ஓடிய அதே மாடலில் அது ஒரு லட்சத்தைத் தாண்டலாம். பழைய கார் வாங்குபவர் ஓடோமீட்டரைவிட அது எந்தச் சாலையில் ஓடியது என்று கேட்பது நல்லது.

கிளட்சே இல்லாத ஒரு காரும் இந்த நகரில் பிறந்தது. சேத்தன் மைனியின் நிறுவனம் உருவாக்கிய ரேவா என்ற சிறு மின்சாரக் கார் 2001இல் விற்பனைக்கு வந்தது. பரவலான மாற்றம் வேறு வழியில் நேர்ந்தது. 2014இல் மாருதி செலேரியோ கொண்டுவந்த ஏ.எம்.டி. அமைப்பில் கிளட்ச் பெடல் மட்டுமே போனது. உள்ளே அதே உலர்ந்த பிளேட் இருக்கிறது. அதை இயக்குவது காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர். இடதுகாலால் உணர்வதற்கு ஒன்றுமில்லாததால், பிளேட்டின் நிலையை மெக்கானிக் ஸ்கேனர் காட்டும் எண்ணிலிருந்து அறிகிறார். இது ஆட்டோமேட்டிக்தானே என்று மேம்பாலச் சரிவில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைப்பவர்கள், ஹாஃப் கிளட்சில் நின்ற பழைய டிரைவர்களைப் போலவே பிளேட்டைக் கருக்குகிறார்கள்.